நூற்றாண்டு மலரும் வருகைப் பதிவேடும்

தஞ்சைப் பக்கத்தில் பழைய திருச்சபைப் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்தால் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பார்க்கலாம். கேடயங்கள், கோப்பைகள், அவற்றுக்கு நடுவே கெட்டி அட்டை போட்ட நூற்றாண்டு மலர். அறைக்குப் பின்னால் இன்னொரு அலமாரி இருக்கும். அது இரும்பு. பூட்டியிருக்கும். அதற்குள் சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் கிடக்கும். முதல் அலமாரியில் இருப்பதைப் பள்ளியின் வரலாறு என்கிறார்கள். இரண்டாவதில் இருப்பதைக் கரையான் படித்துக்கொண்டிருக்கிறது.

நூற்றாண்டு மலரை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. அதற்கு விமர்சனமும் எழுதுவதில்லை. ஆனால் அதுவும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைப்போக்கு உண்டு, நாயகர் உண்டு, மௌனம் உண்டு. சேரியிலிருந்து படித்து வந்த பலருடைய வீட்டில் பைபிளுக்கு அடுத்து இருக்கிற புத்தகம் அதுதான். நம்மைப் பற்றி நம் பிள்ளைகள் முதலில் படிப்பதும் அதில்தான். அதனால் அதைப் படித்துப் பார்ப்போம்.

மலரின் இலக்கணத்தைக் கவனியுங்கள், தோழர்களே. எழுவாய் ஒரு வெள்ளைக்கார மிஷனரியாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பேராயர், ஒரு தாளாளர். பயனிலை: தந்தார், திறந்தார், உயர்த்தினார், ஒளியேற்றினார். நாம் எங்கே வருகிறோம்? நான்காம் வேற்றுமையில் வருகிறோம். 'ஏழைகளுக்கு', 'எளியவர்களுக்கு', 'தாழ்த்தப்பட்டவர்களுக்கு'. 'கு' உருபு ஒட்டாமல் நம்மைச் சுட்டும் ஒரு சொல்லை அந்தப் பக்கங்களில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கொடுப்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் நாம். நூறு பக்கமும் இந்த ஒரே வாக்கியம்தான்.

இந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி உண்மை. மறு பாதியைத்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

கதையைத் தரங்கம்பாடியில் தொடங்குவது வழக்கம். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்குவும் புளூட்சோவும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அடுத்த வருஷமே பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. பிறகு அச்சுக்கூடம். 1714, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. இவை பெரிய காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் அச்சான அந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் படித்தார்கள் என்ற இடத்தில் மலர்கள் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றன.

படித்தவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். பறையர். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேவைக்காரர். மிஷன் பள்ளி எதுவும் அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகவில்லை. தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஊர் சுற்றி அவர் கைக்கு வந்தது. படித்தார். படித்ததைப் பற்றிக் கேட்கத் தரங்கம்பாடிக்கு ஆள் தேடிப் போனார். 1720களின் கடைசியில் அந்தச் சபையில் சேர்ந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராகச் சுற்றினார். மிஷனரிகள் கோட்டைக்குள் எளிதில் நுழைய முடியாத காலத்தில் அங்கே வேலை செய்தவர் இவர். இங்கே எழுவாய் யார்? ராஜநாயக்கன். பயனிலை? படித்தார், தேடினார், போனார், பேசினார். இதில் எங்கே இருக்கிறது 'கு' உருபு?

1733இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. ஆரோன் வெள்ளாளர். 1741இல் தியோகு. ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்பதுதான் காரணம். மிஷனரிகளே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். வேதத்தைப் படிக்கலாம், போதிக்கலாம், அதற்காக அடியும் வாங்கலாம். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மட்டும் அந்தக் கை ஆகாது. தமிழ்நாட்டுத் திருச்சபைக் கல்வியின் முதல் தேர்ச்சிப் பட்டியல் இதுதான். நன்றாகப் படித்த தலித்தை எந்த வகுப்போடு நிறுத்திவைப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அடுத்து தஞ்சாவூர். சுவார்ட்ஸ் இல்லாமல் இங்கே எந்த மலரும் இல்லை. 1780களில் தஞ்சையில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர் ஜான் சல்லிவன். அவருடைய யோசனையும் சுவார்ட்ஸின் முயற்சியும் சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. 1787இல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு வருஷத்துக்கு 250 பகோடா ஒதுக்கினார்கள். தஞ்சையின் தூய பேதுரு பள்ளி தன் வரலாற்றை இந்த மரபிலிருந்துதான் சொல்கிறது. சரி, அந்த முதல் வகுப்பில் யார் உட்கார்ந்தார்கள்? பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகளும் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும். சுவார்ட்ஸே இதைச் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்கு வேண்டியது இங்கிலீஷ் தெரிந்த ஆட்கள். மிஷனுக்கு வேண்டியது அரண்மனையின் நல்லெண்ணம். சேரிப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசப் பள்ளி, மேல்சாதிப் பிள்ளைகளுக்கு உத்தியோகப் பள்ளி. ஒரே கையால் இரண்டு பள்ளி. இன்றைக்கு ஒரே தாளாளர் கையெழுத்தில் ஒரு பக்கம் மெட்ரிகுலேஷன், இன்னொரு பக்கம் அரசு உதவி பெறும் தமிழ் மீடியம் என்று நடக்கிறதே, அதற்கு இருநூறு வருஷத்து வேர் இருக்கிறது.

சுவார்ட்ஸின் பள்ளியில் வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பிறகு ஆசிரியர், சரபோஜி மன்னரின் அவையில் புலவர். இன்றும் நம் ஆலயங்களில் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறோம். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அவர் பாட்டு தெரியும். அந்தச் சாஸ்திரியார்தான் 1829 வாக்கில், சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க வந்த இளைய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். சாதி உலக வழக்கம், அது மதக் காரியமல்ல, அதில் கை வைக்காதீர்கள் என்பதுதான் வாதத்தின் சாரம்.

இந்த எழுத்தை நாம் இரண்டு கண்ணாலும் படிக்க வேண்டும். ஒரு பக்கம் சாஸ்திரியாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் பூவையும் பண்டிகை வழக்கத்தையும் அஞ்ஞானம் என்று தூக்கியெறியப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் நாகரிகமே வேதம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை எதிர்த்தது சரி. ஆனால் பாட்டுக்காகப் பேசுகிற அதே வாய் பாய்க்காகவும் பேசுகிறது. எங்கள் பாட்டை எங்களுக்கு விடு என்பதும், பறையனைத் தள்ளி உட்கார வை என்பதும் அவருக்கு ஒரே பண்பாடாகத் தெரிகிறது. பண்பாடு என்று யாராவது பேசினால் அதில் எவ்வளவு பாட்டு, எவ்வளவு பாய் என்று பிரித்துக் கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்த பிரதி என்று இதைச் சொல்லலாம்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரிய கலகம். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். சில வருஷத்தில் சாதி வழக்கத்தைப் பொறுத்துப்போன லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் பலர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கதவு அடைத்தால் இன்னொரு கதவு! அந்த வசதி நமக்கு எப்போதாவது இருந்ததா? வில்சனுக்கு நன்றி சொல்கிற மலர்கள் ஒரு கணக்கைப் போடுவதில்லை. 1706லிருந்து 1833 வரை 127 வருஷம். அத்தனை காலம் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்களுடைய மனு எங்கே? அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ராஜநாயக்கனே சாட்சி. காகிதத்தைச் சேர்த்து வைத்தவர்கள் யாருடைய காகிதத்தைச் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

இனி என் கதை. நான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆற்றுப் பாசனத்து ஊர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற திருச்சபைப் பள்ளி. போதகரை நாங்கள் 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். அக்கிரகாரத்து ஐயர் வேறு, கோயில் ஐயர் வேறு என்று சின்ன வயசில் எனக்குப் புரியவே கொஞ்ச நாளானது.

டெல்டாவில் பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கும். மேட்டூர் அணையும் ஜூனில்தான் திறக்கும். சேரிப் பிள்ளைக்கு இரண்டு மணியும் ஒரே நேரத்தில் அடிக்கும். குறுவை நடவுக்கு ஆள் வேண்டும், பிறகு சம்பா, தாளடி. தை மாசம் அறுப்பு. நாத்துக்கட்டுத் தூக்க, மாடு பார்க்க, கதிர் பொறுக்க, வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள. பெரியவர்கள் வயலில் இருந்தால் பிள்ளைகளுக்குத்தான் வீடு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஆண்டை வீட்டுக் கடன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடவில்லை. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் போட்ட குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சாகுபடிக் கணக்கு. எந்த வாரம் எந்த வயலில் நடவு என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் வாத்தியார் அதைப் படித்தது வேறு விதமாக. "இதுகளுக்குப் படிப்புல நாட்டம் இல்லைய்யா."

கிறிஸ்துமஸுக்கு நாடகம் போடுவார்கள். எனக்கு நான்கு வருஷமும் மேய்ப்பன் வேஷம். சேரிப் பையன்கள் எல்லோரும் மேய்ப்பர்கள். ஒரு வருஷம் தைரியம் வந்து, "சார், ஞானியா வரேன் சார், மூணு ராஜாவுல ஒருத்தரு" என்றேன். சார் சிரித்தார். "நீதான்டா நெசமாவே மாடு மேய்க்கிறே, அப்புறம் ஏன் வேஷம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

என் அக்காவுக்கு நல்ல குரல். மரியாள் பாட வேண்டிய பாட்டை அவள் திரைக்குப் பின்னால் நின்று பாடுவாள். மேடையில் வேறொரு பெண் வாயசைப்பாள். அக்காவுக்கு அதில் வருத்தமா என்று கேட்டதில்லை. எட்டாவது படிக்கும்போது அவள் வயசுக்கு வந்தாள். அந்த வருஷச் சம்பா நடவுக்கு அம்மாவோடு இறங்கியவள் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஏறவே இல்லை. ராத்திரி என் பாடப் புத்தகத்தை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். வாய்ப்பாடு அவள் சொல்லிக் கொடுத்தது. நான் பத்தாவது தேறினேன் என்றால் அதில் பாதி மார்க் அவளுடையது.

நூற்றாண்டு விழா வந்தபோது பழைய மாணவன் என்று என்னையும் கட்டுரை கேட்டார்கள். ஒரு கட்டுரைக்காகப் பழைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன நினைத்தார்களோ, இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். தேடி எடுத்தேன். அக்காவின் பெயர் இருந்தது. மேலே சிவப்புக் கோடு. குறிப்பு: 'தொடர்ந்து வராமையால் நீக்கப்பட்டது'. அடுத்தடுத்த பக்கங்களிலும் அதே கோடு, அதே குறிப்பு, எல்லாம் எங்கள் தெருப் பெண்கள். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுவிலிருந்து ஒருவர் நயமாகச் சொன்னார்: "தம்பி, எல்லாம் உண்மைதான். மலர்ல வேணாமே. சந்தோஷமான சமயம் பாருங்க." மலர் வந்தது. 1968ஆம் வருஷத்துக்கு நேரே ஒரு புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது இருக்கிறது. அந்த வருஷம் டிசம்பர் 25 இரவு, கிறிஸ்து பிறந்த இரவில், இதே நெல் பூமியில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் எரித்தார்கள். மலர் அந்த இரவைத் தாண்டிப் போய்விடுகிறது, நாடகம் முடிந்த பின் திரை விழுவது போல.

இந்த இடத்தில் பாமாவின் 'கருக்கு' (1992), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இரண்டையும் நினைக்காமல் இருக்க முடியாது. இவை என்ன செய்தன? மலரின் இலக்கணத்தை உடைத்தன. 'கருக்கு'வில் படிப்பு யாரோ கொடுத்த வரம் அல்ல. படித்தால்தான் மதிப்பார்கள் என்று அண்ணன் சொல்ல, வைராக்கியத்தோடு பிடுங்கிக்கொள்கிற ஒன்று. பிறகு கன்னியர் மடத்துக்குள் போய், பணக்காரப் பிள்ளைகளுக்கு நடக்கிற பள்ளியையும் அங்கே எடுபிடி வேலை செய்கிற தன் சாதிச் சனத்தையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துவிட்டு வெளியே வருகிற கண் அது. சிலுவைராஜோ அடிபட்டதையும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான். அந்தச் சிரிப்பு நான் வகுப்பில் சிரித்த சிரிப்பு அல்ல. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது. படித்து முடித்த பின்னும் கிறிஸ்தவன் என்பதால் ஒதுக்கீடு இல்லாமல், வேலைக்காக மதத்தையே மாற்ற வேண்டிய நிலைக்கு அவன் வந்து நிற்கிறான்.

இரண்டும் வானம் பார்த்த தெக்கத்திப் பூமியின் கதைகள். வாய்க்கால் பூமியின் பள்ளிக்கூடக் கதை வேறு மாதிரி. இங்கே தண்ணீர் இருந்தது, நெல் இருந்தது, ஆகவே ஆள் பிடித்து வைக்கிற தேவையும் ஆண்டைக்கு அதிகமாக இருந்தது. அந்தக் கதையை அதே விரிவோடு யாராவது எழுத வேண்டும். எழுதுகிறவர் பெண்ணாக, வரப்பிலிருந்து ஏறி வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

சிலுவைராஜின் சிக்கல் கதையோடு முடிந்துவிடவில்லை. நான் சேர்ந்த அன்று ஹெச்.எம். கேட்டார், "மதம்னு என்ன போடட்டும்?" அப்பா நிமிர்ந்து, "கிறிஸ்தவன்னே போடுங்கய்யா, கும்புடுற சாமிய ஏன் மறைக்கணும்?" என்றார். பெரியப்பா தன் மகனுக்கு இந்து என்று போட்டார். ஒரே தெரு, டீக்கடையில் ஒரே தனி கிளாஸ். ஆனால் அண்ணன் எஸ்.சி., நான் பி.சி. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றுவரை வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காதே என்றது. 2023இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. ஏமாற்றுவது யார் என்று எங்கள் டீக்கடை கிளாஸைக் கேட்டால் சொல்லும்.

இதற்காகத் திருச்சபைத் தலைவர்கள் டெல்லிவரை ஊர்வலம் போகிறார்கள். போகட்டும், நாமும் கூடப் போவோம். ஆனால் போகிற வழியில் ஒரு கேள்வி. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு உங்களுக்குச் சிறுபான்மை உரிமை தந்திருக்கிறது. 2005ஆம் வருஷத்து 93ஆவது திருத்தம் உங்கள் நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தந்தது. 2014இல் பிரமதி வழக்கில் கட்டாயக் கல்விச் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாகியது. 2025இல் உச்சநீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்தது, அது வேறு விஷயம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசுப் பணம், நியமனம் உங்கள் கையில். இந்தச் சிறுபான்மை என்பது யார்? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். எங்கள் தலையை எண்ணித்தான் உங்களுக்குச் சிறுபான்மை உரிமை. அந்த உரிமையில் எங்கள் பங்கு எத்தனை ஆசிரியர், எத்தனை தலைமையாசிரியர், எத்தனை தாளாளர்? அரசிடம் கேட்கிற பங்கை முதலில் உங்கள் பள்ளியில் கொடுத்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு வலு கூடாதா? கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு மலரில் மறைப்பது எதற்கு?

நன்றி கெட்டவன் என்பார்கள். சொல்லட்டும். இந்தக் கட்டுரையை எழுதுகிற எழுத்து அந்தப் பள்ளியில் வந்ததுதான். எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்த ஒன்றிரண்டு டீச்சர்களை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். காலில் செருப்பில்லாமல் வெயிலில் வந்த பிள்ளையைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் நன்றி என்பது தனி மனிதர்களுக்கு. நிறுவனத்துக்குக் காட்ட வேண்டியது கணக்கு.

ஆகவே படித்து வெளியே வந்திருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை உங்கள் பள்ளியில் விழா என்று அழைத்தால் போங்கள். வாழ்த்துரை கேட்டால் பதிவேட்டைக் கேளுங்கள். அலமாரி சாவியைக் கேளுங்கள். உங்கள் தெருப் பிள்ளைகளின் பெயர்களை, சிவப்புக் கோடு விழுந்த பெயர்களையும் சேர்த்து, வருஷம் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த மாசம் நின்றாள், அது எந்தப் போக நடவு, பிறகு என்ன ஆனாள் என்று அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். அப்படி நூறு பக்கம் சேர்ந்தால் அதுதான் அந்தப் பள்ளியின் வரலாறு.

என் அக்கா இப்போது பேரப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். போன மாதம் அவளிடம் பதிவேட்டில் இருந்த வரியைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவங்க என்ன என்னை நீக்குறது? நாந்தான் போவல. நடவு இருந்துச்சு."

எழுவாய் இருக்கிறது. பயனிலையும் இருக்கிறது. அங்கிருந்து எழுதத் தொடங்குவோம்.